அக்காவை வாய்மூடச் சொன்னவன் எழுதுவது

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் என் வணக்கம். அக்காவின் பொறுமையைப் பாராட்டி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் செய்த ஒரு காரியத்தை மறைத்துவிட்டு அக்காவைப் புகழ எனக்கு அருகதை இல்லை.

அக்கா பிறந்தது முசிறிக்குப் பக்கத்தில். அம்மா காலராவில் இறந்தபின் அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அப்பா மரத்தைக் கீறிப் பால் வெட்டினார். அக்கா புல் வெட்டினார். அப்பாவும் காய்ச்சலில் போனபின், அக்காவின் கூலியில்தான் நான் படித்தேன். அதே தோட்டத்துப் பள்ளிக்கு வாத்தியாரானேன். இதற்கிடையே மணமாகி, பிள்ளைப்பேறு இல்லாமலே கணவரை இழந்த அக்கா என்னோடு வந்து இருந்தார். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டார்.

அங்கே தம்பி தங்கைகளைத் தூக்கிவரும் பெண்பிள்ளைகளிடம் அக்கா பேசுவார். மார்பு வலித்தால் அது வளர்கிற வலி, பயப்படாதே என்பார். ஒருநாள் உதிரம் வரும், அது நோயல்ல, நாலைந்து நாளில் நிற்கும், மாதாமாதம் வரும் என்பார். துணியை இருட்டு மூலையில் ஒளிக்காதே, சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவை என்பார். எங்கள் வீட்டுக் கொடியிலும் அப்படியே காயப்போடுவார்.

ஒருநாள் கங்காணி பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரய்யா, உங்க அக்கா பொட்டப் பிள்ளைங்க காதுல என்னென்னவோ ஓதுதாம். வயசுக்கு வராத பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்குங்க?"

எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கொடியை என் கையாலேயே அறுத்தேன்.

"இனிமே இதையெல்லாம் பேசக்கூடாதுக்கா. நான் தலைநிமிந்து நடக்க வேண்டாமா?"

"பயந்து சாகுதுங்க தம்பி."

"அவங்கவங்க ஆத்தா சொல்லிக்குவாங்க."

"ஆத்தா இல்லாததுக்கு?"

அறுத்த கொடியைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். என் வீட்டில் இருப்பவர் என்பதால் அக்கா அடங்கிப் போனார்.

சில மாதம் கழித்து, தாயில்லாத பெண்ணொருத்தி பள்ளி விட்டபின் என் மேசையருகே வந்து நின்றாள். பன்னிரண்டு வயதிருக்கும். அவள் பெயரை எழுதமாட்டேன்.

"விறகு பொறுக்கப் போனேங்க. அட்டை உள்ளே பூந்துருச்சு. ரத்தம் நிக்கல. நான் செத்துப் போயிருவேனா வாத்தியாரய்யா?"

பாவாடையில் கறையைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது. "சாகமாட்டாய்" என்ற ஒரு சொல் போதும். அதுகூட வரவில்லை. "இங்கே நிக்காதே, போ!" என்று அதட்டி விரட்டினேன்.

பொழுது சாயும் நேரம், பெண்ணைக் காணோம் என்று அவள் தகப்பன் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகத் தேடினான். அந்தப் பிள்ளை உன்னிடம் வந்ததா என்று அக்கா கேட்டார். வரவில்லை என்று பொய் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவர், "என்ன கேட்டுச்சு?" என்றார். சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் மழையில் ஓடினார்.

அட்டை விடட்டும் என்று ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பிள்ளை. உதடு நீலமாகிவிட்டது. ஒன்பது நாள் காய்ச்சல். ஒன்பது நாளும் அக்கா அவள் தலைமாட்டிலேயே இருந்தார். "அட்டையுமில்ல, காயமுமில்ல கண்ணு. உங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்று அவர் சொல்வதை வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போகத் துணிவில்லை.

அவள் பிழைத்தாள். அன்று அக்கா என்னிடம் சொன்னார்: "கப்பல்ல எனக்கும் இப்படித்தான் ஆச்சு. நீ என் மடியில தூங்கிக்கிட்டிருந்தே. செத்துட்டா உன்னை யார் பாத்துக்குவான்னு மூணு நாள் அழுதேன். நீ அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் சொல்லியிருக்க வேண்டாம் தம்பி. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

மறுநாளே அக்கா புதுக்கொடி கட்டினார், பழையபடி பிள்ளைகளிடம் பேசினார். நான் தடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டோம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் நீர்கோத்து வீங்கிய அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் சொல்லவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோன தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி அவர்களுக்கும், கொட்டகைத் தாய்மார்களுக்கும், தோள் கொடுத்த அனைவர்க்கும் நன்றி. கடைசி மாதம் முழுவதும் பணிவிடை செய்து, அக்காவின் உடலைக் குளிப்பாட்டியவள் அந்தப் பெண்தான். காடாற்று அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எம் மக உங்ககிட்டத்தான் படிக்கிறா. அவ எதையாவது கேட்டு வந்தா வெரட்டாதீங்க" என்றாள்.

அன்று தலையை மட்டும் ஆட்டினேன். இன்று எல்லார் முன்னிலையிலும் எழுதித் தருகிறேன்: விரட்டமாட்டேன், அம்மா.