வலிக்கவே இல்லைடி!

போன மாதம் செக்கப்புக்காகத் திருச்சி போயிருந்தேன். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் லேசாகத் தலை சுற்றியது. எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நாலு வருடமாக வேண்டுமென்றே தவிர்த்து வந்த கடை.

கடைக்கார அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்கக்கா... உங்களோட ஒருத்தங்க வருவாங்களே, பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு? வெந்நி சூடு பத்தலன்னு சண்டை போடுவாங்களே... அவங்க வரலையா?"

"இல்லைங்க" என்றேன்.

அந்த அம்மா கேட்டது என் அக்கா சரோஜாவை. விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

உங்களிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். வலி கிடையாது. அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரியலூர் வந்து, என் வீட்டு வாசலில் நின்றாள்.

"கெளம்புடி. திருச்சிக்குப் போயிட்டு வந்துரலாம்."

"ஸ்கூல்ல பரீட்சை நடக்குதுக்கா. ஒரு மாசம் போகட்டுமே..."

"பரீட்சைய வேற டீச்சர் பாத்துக்குவாங்க. நீ பொடவைய மாத்து."

ஆபரேஷன், அப்புறம் ஊசி மருந்து... எல்லாவற்றுக்கும் அவள்தான் கூட இருந்தாள். நான் வாந்தி எடுக்கும்போது நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தபோது என் கண்ணில் படாமல் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டாள். "சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. அதான் பிழைச்சீங்க" என்று டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

அன்றைக்கு அவள் மார்பிலும் ஒரு கட்டி இருந்தது.

எனக்குத் தெரிய வந்தது ஒரு வருடம் கழித்து... அவள் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம். கொடியில் புடவை காயப்போடக் கையைத் தூக்கியவள் முகம் சுளித்தாள். நான் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் கையைப் பிடித்துத் தன் அக்குளில் வைத்தாள். கல் மாதிரி இருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"உனக்கு ஆபரேஷன் ஆவறதுக்கு முன்னாடியேருந்து..."

"ஏன் சொல்லல?"

"வலிக்கவே இல்லைடி! நானும் படுத்துட்டா உன்னை யாரு பாக்குறது? அப்புறம் கவிதாவுக்குச் சம்பந்தம் பேச ஆரம்பிச்சுட்டோம். வூட்டுல இப்படி ஒரு வியாதின்னு தெரிஞ்சா யாரு வந்து கட்டுவா, சொல்லு?"

கவிதாவைக் கொடுத்திருந்த தஞ்சாவூருக்கே வைத்தியத்துக்கு அழைத்துப் போனோம். எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. பத்து மாதம் இருந்தாள். பேச்சு குறைந்துபோன நாட்களிலும் என்னைப் பார்த்தால் "மாத்திரை போட்டியா?" என்றுதான் கேட்டாள்.

இத்தனை நாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தாளே... ஒரு தடவையாவது "உனக்கு எப்படிக்கா இருக்கு?" என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லாரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிற ஒருத்தி இருப்பாள். அவளை யாரும் கூட்டிப் போவதில்லை. அவளுக்கு ஒன்றும் வராது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம் — அவளும்தான்.

போன மாதம் திருச்சியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், தஞ்சாவூரிலிருந்து கவிதா போன் செய்தாள்.

"சித்தி... எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. இன்னிக்குத்தான் பாத்தேன்."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் மாமியார் டாக்டரிடம் டோக்கன் வாங்கி வைத்திருந்தார். ஆம், யாருக்குத் தெரியக்கூடாது என்று அக்கா வாயைத் திறக்காமல் இருந்தாளோ, அதே சம்பந்தியம்மாதான்! ஊசி போட்டுச் சதை எடுக்கும்போது கவிதாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவரே.

ஐந்து நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ரிசல்ட் வாங்க நான், கவிதா, அவள் கணவர், மாமியார் என்று எல்லோருமே போனோம். வெறும் கொழுப்புக் கட்டி. கவிதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

டாக்டரம்மா சிரித்தார். "இத்தனூண்டு கட்டிக்கா நாலு பேர் வந்தீங்க?"

ஆமாம் டாக்டர். எங்கள் அக்காவோடு ஒருத்தர் போயிருந்தால் போதும்.