கிரேன் ஏணியும் நசீரின் நெஞ்சும்

1. ஸ்ட்ரெச்சரில் இறங்கியவர்

நசீரை ஸ்ட்ரெச்சரில் கட்டி கிரேனிலிருந்து இறக்குகிறார்கள் என்று கன்டீன்காரர் ஓடிவந்து சொன்னபோது, நான் முதலுதவி அறையில் சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு தனியார் இறங்குதுறையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு லிங்கநகரில். துறையில் எல்லோருக்கும் நான் 'மிஸ்'. வெட்டுக்காயம், வெயில் மயக்கம், கண்ணில் தூசு, இவைதான் என் அன்றாடப் பாடு. நசீர் எங்கள் மூத்த கிரேன் ஒப்பரேட்டர், மூதூர்க்காரர். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் சாமானை, மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கிற மாதிரி லொறியில் வைப்பார். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் நனைந்த கோழி போலக் கிடந்தார். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. உதடு நடுங்கியது.

"மிஸ், எனக்கு அட்டாக். வாப்பாக்கு வந்ததுதான்" என்றார்.

அவருடைய தகப்பன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபடியே மாரடைப்பில் காலமானவர். வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஈ.ஸீ.ஜி. எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், இரண்டு நாள் வாட்டில் வைத்துக் கவனித்தார்கள். இதயத்தில் ஒரு பழுதும் இல்லை. "ஒண்டுமில்லை, பயப்படாம வேலைக்குப் போங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

2. அந்த ஒரு சொல்

நசீர் வேலைக்கு வந்தார். ஏணியில் கை வைத்தார். நெஞ்சு மறுபடி படபடவென்று அடித்தது. கையை எடுத்துவிட்டார்.

அவரோடு ஒன்றாக வேலை செய்யும் செட்டில் உள்ளவர்கள் அவரைக் கைவிடவில்லை. அதுதான் பிரச்சினையே. செட்டுக்குத் தலைவர் தவராசா, சல்லிக் கிராமத்திலிருந்து வரும் சிக்னல்மேன். கடலோடிக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. கீழே நின்று கையாலும் வோக்கி-டோக்கியாலும் அவர் காட்டுகிற சைகையை நம்பித்தான் நசீர் மேலே ஹூக்கை அசைப்பார். இருவருக்கும் பல வருடப் பழக்கம். தவராசாவுக்கு நசீர் 'நானா', அதாவது அண்ணன்; நசீருக்குத் தவராசா 'தவம்'. தவராசா ஒரு ஒழுங்கு செய்தார். நசீருக்கு முன்னால் ஒருவர் ஏறுவார், பின்னால் ஒருவர் ஏறுவார். கெபினுக்குள் சோடாவும் அதில் பிழிய வெட்டிய தேசிக்காயும் இருக்கும். கடலில் ஒருவனுக்கு முடியாமல் போனால் மற்றவன் அவனைத் தனியே விடமாட்டான். அந்தப் பழக்கத்தை அப்படியே கிரேனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

முதல் கிழமை ஒருவர் கூடவே ஏறினால் போதுமாக இருந்தது. பிறகு இருவர் வேண்டியிருந்தது. பிறகு இருவர் ஏறியும் நசீரால் பாதி ஏணியைத் தாண்ட ஏலவில்லை. கடைசியில் துறைக்கு வருகிற பஸ்ஸிலேயே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது.

மனேஜர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் உண்டு. மின்சார வேலைக்கான பெரிய ட்ரான்ஸ்போமர்களோடு ஒரு கப்பல் வர இருந்தது. அவற்றைத் தூக்க அனுபவக்கை வேண்டும். நசீர் ஏறாவிட்டால் கொழும்பிலிருந்து ஒப்பரேட்டர் வருவார், நசீர் ஸ்டோருக்குப் போவார் என்று என்னிடம் சொன்னார். ஸ்டோருக்குப் போன ஒப்பரேட்டர் திரும்பக் கிரேனுக்கு வந்ததை நான் கண்டதில்லை. நசீருக்கும் அது தெரியும்.

அன்று பின்னேரம் நசீர் என் அறைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல என்டு எல்லாரும் சொல்றாங்க மிஸ். ஒண்டுமில்லாட்டி எனக்கு ஏன் இப்பிடி வருது? நான் நடிக்கிறனா?"

எனக்குச் சுருக்கென்றது. நானே எத்தனை பேருக்கு அந்தச் சொல்லை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்திருப்பேன். அந்தக் காலத்தில் நான் சனிக்கிழமைகளில் உளவளத்துணை டிப்ளோமா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். துறையில் அதை வைத்து என்னைச் சீண்டாதவர் இல்லை. மிஸ் இனி எங்கள் மனசுக்கு ஊசி போடப் போகிறா என்பார்கள். போடத்தான் போகிறேன், இருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

3. கதிரையில் இருந்தபடி வந்த அட்டாக்

அடுத்த நாளே ஆஸ்பத்திரி டொக்டரோடு கதைத்தேன். நான் செய்ய நினைத்ததைச் சொன்னேன். இதயம் நன்றாக இருக்கிறது, தாராளமாகச் செய்யுங்கள் என்றார். நசீரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"நாய் இளைக்கிற மாதிரி வேகமா மூச்சு விடுங்கோ. நான் நிப்பாட்டச் சொல்லும்வரைக்கும் விடுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இருந்தாலும் செய்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. விரல் நுனி விறைத்தது, உதடு மரத்தது, தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் மிஸ். இதேதான்."

"கிரேன் எங்க நசீர்? ஏணி எங்க? நீங்கள் என்ர கதிரையிலதானே இருக்கிறீங்கள்?"

அவர் சுற்றிப் பார்த்தார். சுவரில் கைகழுவும் விளக்கப்படம், மூலையில் மருந்து அலுமாரி. பிறகு மெல்லமாக மூச்சை வெளியே விடச் சொன்னேன். விறைப்பு இறங்கியது. அந்த முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகுதான் விளக்கினேன். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் கலக்கச் செய்யும். ஓடவும் அடிபடவும் உடம்பு தயாராகும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். ஓடாமல் நின்ற இடத்தில் நின்றுகொண்டு வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு வாயு குறைந்துபோகும். அதனால்தான் விரல் விறைக்கிறது, தலை சுற்றுகிறது. இவ்வளவும் நல்ல உடம்பு செய்கிற வேலை. ஸ்ட்ரெச்சரில் இறங்கிய அன்றைக்குக் கெபினில் ஏ.ஸீ. பழுது, நல்ல வெயில், நசீர் காலையில் சாப்பிடவும் இல்லை. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்திருக்கிறது. வாப்பாவை அடக்கம் செய்த துக்கம் ஆறாத மனிதர் அதை மாரடைப்பு என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பயமே இன்னும் அட்ரினலினைக் கொண்டுவந்தது.

"கன்டீன்ல மீன் பொரிச்ச புகைக்கு நெருப்பு மணி அடிச்சு நாங்கள் எல்லாரும் கேற்றுக்கு ஓடினது ஞாபகமோ?" என்று கேட்டேன்.

ஞாபகம் இருந்தது. மனேஜர் ஒற்றைச் செருப்போடு ஓடியதைச் சொல்லிச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டேன்.

"மணியில பழுதில்லை. சத்தமும் பொய்யில்லை. ஆனா நெருப்பில்லை. உங்கட நெஞ்சும் அப்பிடித்தான்."

4. மோட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஹெல்மட்

விளக்கம் கேட்டால் மட்டும் பயம் போய்விடாது. உடம்புக்கும் அது தெரியவேண்டும். நசீர் ஏணியில் ஏறி, பயம் வரும்போது இறங்காமல் நிற்கவேண்டும். நின்றால், ஏறின அலை இறங்குகிற மாதிரி அது தானாக வடியும். பாதியில் இறங்கி ஓடினால், இறங்கினதால்தான் பிழைத்தேன் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். ஆட்களோடு ஏறினாலும் அதே கணக்குத்தான். அவர்களால் பிழைத்தேன் என்றுதான் எழுதும், தன் நெஞ்சு நல்ல நெஞ்சு என்று ஒருநாளும் எழுதாது.

ஆகவே பாதுகாப்புப் பெல்ட் மட்டும் இருக்கட்டும், ஆட்கள் வேண்டாம் என்றேன். தவராசாவுக்குப் பொல்லாத கோபம். நானா விழுந்தால் மிஸ்ஸா பிடிப்பா என்று கன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார். செட் முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்ற பெயரும் கிடைத்தது.

நசீர் முதல் தட்டுவரை ஏறினார். பயம் வந்தது, நின்றார், வடிந்தது. அடுத்த நாள் பாதியில் இறங்கிவிட்டார். அதற்கடுத்த நாள் மறுபடி ஏறினார். இப்படியே போய் ஒருநாள் உச்சித் தட்டுக்கே போய்விட்டார். நான் கீழே நின்று கை தட்டினேன். ஆனால் அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. அடிக்கடி ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மோட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ஹெல்மட் தெரிந்தது.

தவராசா விடிய வந்து ஏறி அங்கே பதுங்கியிருந்திருக்கிறார். கையில் சோடாப் போத்தல் வேறு.

சிரிப்பு வந்தாலும் கோபம் அதைவிடக் கூட வந்தது. இருவரையும் இறங்கச் சொன்னேன். தவராசா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"தவராசா, நீங்கள் நானாவுக்குக் காவல் நிக்கேல்லை. அவற்ர பயத்துக்குத்தான் காவல் நிக்கிறீங்கள்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நசீரைப் பார்த்தார். தவராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் அப்பிடி நினைக்கேல்லை மிஸ். தனிய விட மனம் வரேல்லை" என்றார்.

நசீர் அவர் கையிலிருந்த சோடாவை வாங்கி அப்படியே கடலில் ஊற்றினார். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஏணியை நோக்கி நடந்தார். அன்று அவர் தனியே ஏறி, கெபினில் தன் கதிரையில் இருந்து, எங்களுக்குக் கை காட்டினார். கப்பல் வரும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் அப்படியே ஏறினார், வெறும் ஹூக்கை அசைத்துப் பழகினார்.

5. கப்பல் வந்த நாள்

ட்ரான்ஸ்போமர் கப்பல் காலையில் துறையில் வந்து கட்டியது. மனேஜர் கொழும்பு ஒப்பரேட்டரை வரச் சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. முதல் பாரத்தைத் தூக்குவதைப் பார்த்து முடிவெடுப்பதாகச் சொன்னார். துறையில் வேலை இல்லாதவர்களுக்கும் அன்று அங்கே வேலை இருந்தது. நானும் ஒரு வோக்கியை வாங்கிக்கொண்டு தவராசாவுக்குப் பக்கத்தில், பாதுகாப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றேன்.

நசீர் தனியே ஏறினார். பாரத்தில் ஸ்லிங் வார்களை மாட்டினார்கள். கம்பி இறுகியது. பாரம் இன்னும் கப்பல் தளத்தை விட்டு எழவில்லை. அப்போது வோக்கியில் நசீரின் குரல் வந்தது.

"தவம், நிப்பாட்டு. வந்திட்டுது."

அங்கே இருந்த எல்லோருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். மனேஜர் ஃபோனைக் கையில் எடுத்தார். தவராசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் மூச்சு எனக்கே கேட்டது, நசீர் என் கதிரையில் விட்ட அதே மூச்சு. இரண்டு பெடியன்கள் ஏணிப் பக்கம் ஓடத் தொடங்கினார்கள்.

"ஒருத்தரும் ஏற வேணாம்." நசீரின் குரல் நடுங்கியது, ஆனால் தெளிவாக இருந்தது. "அது வந்தா வரட்டும். நான் இருக்கன்."

ஓடியவர்கள் நின்றார்கள். கம்பி இறுகியபடியே இருந்தது, ஹூக் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. தவராசா கையை உயர்த்தப் பார்த்தார், ஏலவில்லை. விரல்கள் மடங்கி விறைத்துப் போயிருந்தன. அதை மேலே இருந்து நசீர் கண்டுவிட்டார்.

"தவம், உனக்குக் கை விறைக்குதா?"

"ஓம் நானா."

"அது உன்ட உடம்பு ஓடுறதுக்கு ரெடியாகுது. வேற ஒரு வருத்தமுமில்ல. மூச்ச மெல்ல வெளிய விடு. இன்னும் மெல்ல. எனக்கும் இப்பதான் இறங்குது. உனக்குச் சரியானாப் பிறகு சிக்னல் தா. அவசரமில்ல."

தவராசா மூச்சை விட்டார். நானும் விட்டேன். பக்கத்தில் மனேஜரும் ஃபோனைப் பிடித்தபடி மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தவராசாவின் விரல்கள் விரிந்தன. கையை உயர்த்தி, மெதுவாகத் தூக்கு என்று காட்டினார்.

ட்ரான்ஸ்போமர் எழுந்தது. ஆடாமல் அசையாமல் கப்பல் விளிம்பைத் தாண்டி வந்து, நீண்ட லொறியில் அதன் இடத்தில் அமர்ந்தது. அமர்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகுதான் துறையே கத்தியது. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார், கப்பல்காரர்களும் அடித்தார்கள். மனேஜர் கொழும்புக்கு ஃபோன் எடுத்து, ஆள் தேவையில்லை என்று அந்தச் சத்தத்துக்குள்ளேயே கத்திச் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

மிச்சத்தையும் நசீர்தான் தூக்கினார். அதற்குப் பிறகும் எத்தனையோ கப்பல்கள். நெஞ்சு பிறகும் சில நாட்களில் அடித்ததாம். அடிக்கிறதுதானே அதன் வேலை என்று இப்போது அவர் சிரிக்கிறார். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் உயரம் கண்டு நடுங்கினால் இப்போது முதலுதவி அறைக்கு அனுப்புவதில்லை, நசீரிடம் அனுப்புகிறார்கள். அவர் முதலில் கதிரையில் இருத்தி, நாய் மாதிரி மூச்சு விடச் சொல்கிறாராம்.

தாதியாகவோ உளவளத்துணையாளராகவோ ஆட்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பயந்துபோய் வருகிறவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஏணியை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.