மரகதத்துக்கு வெள்ளி எழுத்து

மரகதம் போய்விட்டாள் என்று அவள் மகள் காவ்யா போனில் சொன்னபோது, நான் ஒரு பிறந்தநாள் கார்டில் பொடி தூவியிருந்தேன். ரப்பர் அச்சின் ஈர மையில் ஒட்டிய பொடியைச் சூடு காட்டி உருக்கினால்தான் எழுத்து மேலெழும்பிப் பளபளக்கும். அப்படியே விட்டால் உதிர்ந்துபோகும். போனை வைத்துவிட்டு அந்தக் கார்டின் பொடியை உருக்கி முடித்தேன். கதவைப் பூட்டினேன். பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்பினேன். மாரடைப்பு என்றார்கள். முந்தின நாள் மாலை என்னோடு டீ குடித்தவள். உங்களில் பலருக்கு அவள் கையால் ஒரு கார்டாவது வந்திருக்கும், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கணபதி பகுதியில், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில்தான் நானும் அவளும் கார்டு செய்யும் தொழிலைத் தொடங்கினோம். கார் இல்லை, ஷெட் சும்மா கிடந்தது. பொடியை உருக்க ஹீட் கன் வேண்டும் என்று தெரியாமல், முதல் நாள் மரகதம் காவ்யாவின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து ஊதினாள். தங்கப் பொடி மொத்தமும் பறந்து எங்கள் முகத்தில் அப்பிக்கொண்டது. நான் கத்தினேன். அவள் அந்த முகத்தோடே மளிகைக் கடைக்குப் போய்வந்தாள். கோயில் விசேஷமா என்று கடைக்காரர் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம்.

பொறுமை என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. கெட்டியாக வார்னிஷ் ஊற்றிய கார்டு காய ஒரு ராத்திரியாவது ஆகும். அதற்குள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். விரல் ரேகை விழுந்துவிடும். நான் திட்டிக்கொண்டே அதன்மேல் இலை அச்சு ஒன்றைக் குத்தி மறைப்பேன். உங்கள் கார்டில் சம்பந்தமில்லாத இடத்தில் ஓர் இலை இருந்தால், அது இப்படி வந்ததுதான்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர், எங்கள் கார்டைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பெருமையாகக் காட்டினார். மரகதத்தின் முகம் வாடிவிட்டது. "கண்ணாடி போட்டுட்டா எழுத்தத் தடவிப் பாக்க முடியாதுங்களே" என்றாள். அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் கார்டு செய்தவள் எனக்கு ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. கேட்டால், "தெனமும் மூஞ்சியப் பாக்கறவளுக்கு எதுக்கு கண்ணு கார்டு" என்பாள்.

கருமாதிப் பத்திரிகையை நான்தான் செய்து தர வேண்டும் என்று காவ்யா கேட்டாள். உறவுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. சாவுப் பத்திரிகையில் மினுமினுப்பா என்றார்கள். என் தயக்கம் வேறு. நம் பக்கம் கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம், வீட்டில் வைப்பதில்லை. அவளுக்காக நான் செய்வதில் ஒன்றுகூட மிஞ்சாது. இதைக் காவ்யாவிடம் சொன்னேன்.

"கிழிச்சாக் கிழிக்கட்டுங்க சித்தி. அம்மா பேரு தொட்டாத் தெரியோணும்" என்றாள்.

செய்தேன். வெள்ளை அட்டை, கறுப்புக் கரை, பெயர் மட்டும் வெள்ளிப் பொடியில். அழுகை வரவில்லை. கை தன்பாட்டில் வேலை செய்தது. உங்களுக்கு வந்ததை நீங்கள் கிழித்திருந்தால் தப்பில்லை, அதுதான் முறை.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று தபாலில் வந்தது. என் மாமியார் இந்த விஷயத்தில் கறார். தபால்காரர் தெருவைத் தாண்டுவதற்குள் கிழித்துவிடுவார். அன்று பெயரின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கிழிக்கப் போனார், நிறுத்தினார், மறுபடி கிழிக்கப் போனார். கடைசியில் அதை என் கையில் கொடுத்தார்.

"ஊட்டுக்குள்ள வெக்கக் கூடாது அம்மணி. ஷெட்டு ஊட்டுல சேராது. கொண்டுபோயி வெச்சுக்க."

மரகதத்தின் கார்டு என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மேசைக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் ஷெட்டைத் திறந்ததும் அவள் பெயரை ஒருமுறை தடவிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். அழுகை இன்னும் வரவில்லை.