பெயர் வெட்டாத கல்

எங்கள் பக்கத்து வீட்டுச் சீனர் ஆ சோங், வருஷத்துக்கு ஒருநாள் குடும்பத்தோடு இடுகாட்டுக்குப் போவார். வறுத்த வாத்தும் ஆரஞ்சுப் பழமும் கூடவே போகும். பிள்ளைகள் லாரியில் ஏறிக் கும்மாளம் போடும். தைப்பிங்குக்கு வந்த புதிதில், இதென்ன, திருவிழாவுக்குப் போகிற மாதிரியல்லவா போகிறார்கள் என்று வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். அங்கே புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவி, மங்கிப்போன எழுத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, அப்பன் கல்லுக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஒருமுறை அவர் என்னிடம், "அபாங் புஞ்ஞா குபூர் மானா?" என்றார். உன் அண்ணன் கல்லறை எங்கே என்கிறார். "குபூர் தியாடா" என்றேன், கல்லறை இல்லை. மனுஷன் முகம் மலர்ந்து என் தோளைத் தட்டினார். கல்லறை இல்லையென்றால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். திருத்திச் சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் வராது.

அண்ணனும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, கடைக்குப் போன அண்ணனை வழியிலேயே லாரியில் ஏற்றினார்கள். திரும்பி வந்த ஒருவன், "மழைக்கு அப்புறம் அவனை நான் பார்க்கலப்பா. காய்ச்சல்ல போனவங்களை மொத்தமா எரிச்சாங்க" என்றான். அவ்வளவுதான் தெரியும். எங்கள் தைப்பிங்கில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் கல் நிற்கிறது; பெயர் தெரியாத சிப்பாய்க்கும் ஒரு கல் உண்டு, புல் வெட்டச் சம்பளத்துக்கு ஆளும் உண்டு. அந்தப் புல்லை வெட்டுகிறவன் தமிழன். மரத்தை வெட்டிப் பாதை போட்டுச் செத்த தமிழனுக்கு மட்டும் எங்கேயும் ஒரு துண்டுக் கல் கிடையாது.

அந்த எரிச்சலோடுதான் ஊருக்குப் போனேன். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தோட்டத்து மூலையில் அண்ணன் பெயர் வெட்டி ஒரு கல் வைத்துவிட வேண்டும். இடைஞ்சல் ஒன்றுதான்: அண்ணன் மனைவி, என் மதினி. எங்கள் பக்கம் உடம்பு கிடைக்காதவனுக்குப் புல்லில் உருவம் செய்து எரிப்பார்கள். அதற்கு அவள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. இத்தனை வருஷமாகியும் நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் எங்கள் தோட்டத்து மல்லிகை. கல் வைத்தால் அதெல்லாம் இறங்க வேண்டும். ஆகவே நேராகச் சொல்லப் பயந்து, "மதினி, பழைய இடமெல்லாம் சுத்திப் பார்த்துட்டு வருவோம்" என்று வாடகைக் கார் பிடித்தேன். நாலு நினைவுக் கல்லைப் பார்த்தால் மனசு இளகும் என்று நினைப்பு.

வழியில் ஒரு ஊர்ச் சாவடிச் சுவரில், முதல் யுத்தத்துக்கு அந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று கல் பதித்திருந்தது. டிரைவர் சவரிமுத்து வாசித்துக் காட்டினான்.

"பேரு எங்க?" என்றாள் மதினி.

"பேரு போடலம்மா. கணக்கு மட்டுந்தான்."

"ஆட்டுக்குட்டியவா எண்ணிவிட்டாக? வண்டிய எடு அப்பு."

திண்டுக்கல்லுக்குள் நுழைகிற இடத்தில் பேகம்பூர். அரச குடும்பத்துப் பெண் ஒருத்தியின் சமாதி. அவளால்தான் அந்தப் பகுதிக்கே பேர். மதினி வாசலிலேயே நின்று, "உள்ள அந்தம்மா இருக்காகளா, இல்ல சும்மா கட்டி வச்சதா?" என்று கேட்டாள். உள்ளேதான் அடக்கம் என்றார் அங்கிருந்த பெரியவர். "அப்பச் சரி" என்று கும்பிட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மலைக்கோட்டைக்கு மூச்சிரைக்க ஏறினோம். பீரங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொழுந்தனாரே, சயாம் எந்தப் பக்கம்?" என்றாள். கிழக்கே குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன்.

"அங்க நத்தம் ரோடுல்லம்மா போகுது" என்றான் சவரிமுத்து.

"அது போற வரைக்கும் போகட்டும்" என்று கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்ததும் கல் கொத்துகிற கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாளே ஆசாரியிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டுக்கல், அம்மி, குழவிகளுக்கு நடுவில் இழைத்த பலகைக்கல் ஒன்று சாய்ந்திருந்தது. மதினிக்கு ஒரே சந்தோஷம். "எனக்குச் சாமான் வாங்கித்தரத்தான் இம்புட்டுச் சுத்தா? மலேயாக்காரருக்கு மனசு இருக்கு!"

ஆசாரி உளியை எடுத்துக்கொண்டு, "காலமானவுக பேரச் சொல்லுங்கய்யா" என்றார்.

மதினி என்னைப் பார்த்தாள்.

"பாத்தீகளா?"

"இல்ல மதினி."

"பாத்தவுக யாரையாச்சும் பாத்தீகளா?"

"எல்லாரையும் சேத்து எரிச்சாகளாம்…"

"ஊரை விட்டுப் போனவுக நீங்களுந்தான். வருசக்கணக்கா வரல. ஒங்களுக்குக் கல்லு வச்சோமா?"

சவரிமுத்து வெளியே போய்விட்டான். அவள் குனிந்து பலகைக்கல்லைத் தடவினாள். "கல்லு நல்ல கல்லுதான். ஆசாரி, இதுல ஒரு அம்மி கொத்திக் குடுங்க. வெஞ்சனத்துக்கு அரைக்க ஆகும். அவுக வந்தா கேப்பாக, எந்தம்பி என்ன வாங்கிக் குடுத்தான்னு."

நான் கப்பலேறுவதற்கு முன் அந்த அம்மியில்தான் அரைத்துக் குழம்பு வைத்தாள். அண்ணன் பெயர் விழவேண்டிய இடத்தில் மிளகாய் நசுங்கியது. நல்ல காரம். கண்ணில் வந்த தண்ணீருக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

இந்த வருஷம் ஆ சோங்குக்குத் தோள்பட்டை வலி. துணைக்கு வா என்று என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டார். புல்லைச் செதுக்கினேன். தூரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, உன் அண்ணன் எப்போது வருவான் என்றார்.

"வருவான்" என்றேன்.

பிறகு மண்டியிட்டு, எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பெயருக்கு, கோடு தாண்டாமல் சிவப்புப் பூசினேன்.