கப்பல் மாமாவின் ஓவர்ஹால்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் அப்பாவைத் தென்காசியில் பிடித்து வைக்க முடியாது. சாயங்காலம் ஆனதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவருடைய சைக்கிளைத்தான் மாமா அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சாக்கில் பரப்பியிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா அலைந்து திரிந்து வாங்கிக்கொடுத்த தாலுகா ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர். இப்போது லீவில் வந்திருந்தும் அப்பா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் மாமாவுக்கு ரயில். அதற்குள் இரண்டு பேரும் ராசியாகிவிட வேண்டுமே என்று அம்மா கிடந்து தவித்தாள். சைக்கிளைச் சரிபண்ணிக் கொடுத்தாவது அத்தானின் மனசைக் குளிரவைக்கலாம் என்பது மாமாவின் கணக்கு.

தூங்கி எழுந்து வந்த அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எதிரில் நின்ற மாமாவை விட்டுவிட்டு என்னிடம், "ஏட்டி, இது என்ன கூத்துன்னு உன் மாமாட்ட கேளு" என்றார்.

மாமாவும் என்னிடமே சொன்னார்: "ஓவர்ஹால் பண்ணுதேன்னு சொல்லுட்டி. சைக்கிள் கடையில சொல்லுதாங்கள்லா, அது மொதல்ல கப்பல் வார்த்தையாக்கும். கப்பியில கயிறு இறுகிட்டுன்னா, திரும்ப இழுத்துத் தளர்த்தி விடணும். அதுக்குப் பேருதான் ஓவர்ஹால். பொறவுதான் எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்குததுக்கும் அந்தப் பேரு வந்துட்டு."

நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "கப்பலையும் இப்படித்தான் நடுவாசல்ல போட்டுப் பிரிப்பாவளான்னு கேளு" என்றார் அப்பா.

திரும்பப் பூட்டும்போது பெடல் கட்டையை இறுக்குகிற சின்ன ஆணியைக் காணவில்லை. அது இல்லாவிட்டால் அருவியும் இல்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவோடு சேர்ந்து தரையில் தவழ்ந்தார். அம்மாவும் நானும் தேடினோம். "இங்கன இல்ல மாப்ளே, அங்கன பாரும்" என்று அப்பா சொன்னதும் மாமா தலை நிமிராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஆணியை மறந்து இரண்டு பேரும் கப்பல் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அடுப்படியில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஆணியை எடுத்ததை நான் பார்த்தேன். வெளியே வந்து, "இந்தா, உரலுக்குப் பின்னால கெடந்துது" என்று நீட்டினாள். மாமா மிதிக்க, அப்பா பின்னால் உட்கார, இருவரும் ஒரே சைக்கிளில் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள்.

தன் முந்தானையில் முடிந்து வைத்ததையே மறந்து அவ்வளவு நேரம் எங்களோடு தேடியிருக்கிறாளே, அம்மாவுக்கு இந்த வயதிலேயே இப்படி ஒரு மறதியா என்று எனக்கு அன்றைக்கு ஒரே கவலையாகிவிட்டது.