கற்பூரம் மணத்த பேனா

தொழிலாளர் லயத்தில் எங்கள் காம்பரா வீட்டுக்குள் தோட்டத்துத் துரை குனிந்து நுழைந்தது ஒரே ஒருமுறைதான், அதுவும் ஒரு பேனாவுக்காக. நிவித்திகலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா துரை பங்களாவின் சமையல்காரர். பங்களாக் கண்ணாடி அலுமாரியிலிருந்த பழைய மைப்பேனா காணாமல் போயிருந்தது. அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் இருப்பதாக எந்தப் புண்ணியவானோ போட்டுக்கொடுத்துவிட்டான். முன்பிருந்த துரை ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது என்று அப்பா சொன்னார். அதற்குச் சாட்சி கிடையாது. துரையின் பேனாதான் என்று தெரிந்தால் அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோகும், நாங்கள் அன்றைக்கே காம்பராவைக் காலி செய்யவேண்டும். அம்மா அதற்குள் என் பள்ளிக்கூட உடுப்புகளை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

ஜீப் சத்தம் கேட்டதும் அம்மா சாமித் தட்டிலிருந்த கற்பூர டப்பாவைத் திறந்து பேனாவை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். கரப்பான் அண்டாது என்று, எங்கள் வீட்டில் கொஞ்சம் பெறுமதியான சாமான் எதுவானாலும் அந்த டப்பாவுக்குள்தான் இருக்கும்.

துரையோடு அவருடைய மாமனாரும் வந்தார். கொழும்புப் பெரியவர், பழைய பேனா சேர்ப்பதில் பைத்தியம் பிடித்தவர். காணாமல் போன பேனாவை மருமகனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தானாம். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்ததால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. துரை கழற்றவில்லை.

பெரியவர் மூடியைத் திருகித் திறந்தார். உடம்பில் ஓடிய அலை அலையான கோடுகளையும் மூடியின் தங்க வளையத்தையும் நிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாடல் அதேதான் என்றார்.

பெரியவர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். இந்த மாடலை இரண்டு விதமாகச் செய்தார்களாம். ஒன்று கெட்டியாக்கிய ரப்பரில், மற்றது செலுலாய்டில். இரண்டுமே கறுப்பு, கண்ணால் பிரிக்க முடியாது, மூக்குத்தான் சொல்லவேண்டும். சூடேறத் தேய்த்தால் ரப்பர் ரப்பராகவே நாறும். செலுலாய்டில் கற்பூரம் கலந்திருப்பதால் அது கற்பூரம் மணக்கும். மருமகனுடையது ரப்பர்.

கட்டைவிரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

"கபுரு" என்றார். கற்பூரத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர்.

துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். திருடன் என்று சொன்ன வாய்க்கு ஒரு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கோ சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. என் சிங்களத்தையும் காட்டிக்கொள்ளலாமே என்று பெரியவரிடம் போனேன்.

"எங்க அம்மா தோடும் இப்படித்தான் மணக்கும் மாத்தியா. எல்லாத்தையும் அந்த டப்பாவுலதான் வைப்போம்."

அம்மா என் கையைக் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது. பெரியவர் சாமித் தட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை மறுபடி தேய்த்தார், இந்தமுறை வெகுநேரம். முகர்ந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பேனா இப்போது என்னிடம் இருக்கிறது. தேய்த்தால் முதலில் லேசாகக் கற்பூரம், விடாமல் தேய்த்தால் சைக்கிள் டியூப் ஒட்டும் கடை வாசம். முன்பிருந்த துரை கொடுத்தது என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார். அன்றைக்கு ஏன் தரையைப் பார்த்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்தபோது அவர் இல்லை.

அன்றைக்கு, அப்பா அப்படி நிற்கும்போதே, வெளியே துரை ஹார்ன் அடித்தார். பெரியவர் பேனாவை மூடி, அப்பாவிடம் கொடுக்காமல் அம்மாவிடம் நீட்டினார். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, இது அந்த டப்பாவுலேயே இருக்கட்டும். வெளிய எடுக்க வேணாம்."

புத்த சமயக்காரராக இருந்தும் நம்ம சாமிமேல் அவருக்கு எவ்வளவு பக்தி பாருங்கள் என்று அன்று பின்னேரம் லயத்தில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். திரும்பி வந்தபோது அம்மா மூட்டையை இன்னும் அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். தப்பித்துவிட்டோமே, இன்னும் ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.