அவித்த மாவில் ஒரு சொக்லேட் பை

அவித்த கோதுமை மாவுக்கும் அவிக்காத மாவுக்கும் வித்தியாசம் தெரியாத யாழ்ப்பாணத்தான் ஒருவன் இந்த லண்டனில் இருக்கிறான் என்றால், அது நான்தான். வயது ஐம்பத்தொன்பது. நினைவு தெரிந்த நாளிலிருந்து புட்டுத் தின்றவன். புட்டு தானாகவே தட்டில் வந்து விழுகிறது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

வெம்பிளியில் இருக்கும் என் மகள், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய அம்மா காலமாகி ஐந்து மாதம். செத்தவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு மகள் இரண்டு முறைதான் வந்திருக்கிறாள். வந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டாள். தேத்தண்ணியை நின்றபடியே குடிப்பாள். குசினிக்குள் போய் அலுமாரிகளைத் திறந்து பார்ப்பாள். "ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ அப்பா?" என்பாள். "ஓம்" என்பேன். "சரி" என்பாள். பிறகு மனோர் பார்க் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவாள். அதற்குள் நானும் என் பங்குக்கு ஏதாவது பகிடி விட்டுவிடுவேன். போன முறை, "கோட்டைக் கழட்டு பிள்ளை, அதுக்குக் கவுன்சில்காரன் வரி போடமாட்டான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பார்த்தாள்; அவ்வளவுதான்.

இந்த முறை அவளை எப்படியாவது கதிரையில் இருத்த வேண்டும், ஒரு தட்டு முடியும் வரையாவது. அதற்குத்தான் சொக்லேட் பை.

நான் இருபது வருடம் ஒரு கோழிப்பொரியல் கடையில் வேலை செய்தவன். கடையின் போர்டில் 'சதர்ன் ஸ்டைல்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். அமெரிக்காவின் தெற்கு என்றார்கள். எங்கள் முதலாளிக்கே அது எந்தப் பக்கம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த தெற்கு, இலங்கையின் காலியும் மாத்தறையும்தான். அந்தத் தெற்கின் பெயரால், பெட்டியில் உறைந்து வரும் சொக்லேட் பையையும் விற்றோம். மாவில் ஓடு மாதிரிச் செய்து, அதற்குள் கொக்கோக் கலவையை ஊற்றிச் சுட்ட பண்டம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் மனைவி மகளைக் கடைக்குக் கூட்டி வருவாள். நான் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பேன். அது முடியும் வரை பிள்ளை கதிரையை விட்டு எழும்பாது.

போனில் செய்முறை தேடினேன். மிகச் சுலபம், கடைக்கே போகத் தேவையில்லை, அலுமாரியில் கிடப்பதே போதும் என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ஒரு தனி ஆம்பிளையின் அலுமாரியை அவர் திறந்து பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் அதிசயமாகக் கொக்கோ இருந்தது. சீனி, டின்பால், முட்டை, பட்டர் எல்லாம் இருந்தன. மாவுக்காக மேல்தட்டைத் துழாவினேன். ஒரு பழைய பிஸ்கட் டின் கையில் பட்டது. திறந்தேன். வெள்ளை வெளேரென்று மா.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் மா அவித்தாள். கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் வைத்து, கட்டியாகி வந்ததைச் சூட்டோடு உடைத்து, அரிதட்டுச் சல்லடையில் போட்டு அரிக்கும் வேலை. நிற்க ஏலாமல் கதிரை போட்டு இருந்து அரித்தாள். மடியிலும் தலையிலும் மா. நான் கதவில் சாய்ந்துகொண்டு, "லண்டனில இந்த வருஷம் பனி இல்லையெண்டு சொன்னாங்கள். அது எங்கட குசினிக்குள்ளயெல்லே கொட்டுது" என்றேன்.

"கதைச்சது காணும். வந்து இந்த அரிதட்டைப் பிடியுங்கோ" என்றாள்.

நான் பிடிக்கவில்லை. என் பகிடிக்கு நானே சிரித்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன். அவள் தனியே அரித்து முடித்து, டின்னை மூடி, என்னைக் கூப்பிட்டு மேல்தட்டில் வைப்பித்தாள். "நான் வர ஒரு கிழமை செல்லும். அதுவரைக்கும் உங்களுக்குப் புட்டுக்குக் காணும்" என்றாள். அவள் வரவில்லை. எனக்குப் புட்டு அவிக்கத் தெரியாது. நான் கடையில் வாங்கிய பாண் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தேன்; டின் மேல்தட்டில் இருந்தது.

இதெல்லாம் எழுதும்போது தெளிவாக வருகிறது. அன்று டின்னைத் திறந்தபோது ஒன்றுமே வரவில்லை. எனக்கு மா என்றால் மா.

அவித்த மா இழுபடாது. அதில் ரொட்டியும் வராது, பையும் வராது. எனக்கு அது தெரியவில்லை. குழைத்தேன், வெடித்தது. பட்டர் சேர்த்தேன், உதிர்ந்தது. தண்ணீர் தெளித்தேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தையாலும் பேசிப் பார்த்தேன். கடைசியில் தட்டின் ஓரங்களில் விரலால் அமத்தி ஒட்டவைத்தேன், ஓட்டை விழுந்த சுவருக்குச் சீமெந்து பூசுகிற மாதிரி. மிஞ்சிய மாவைக் கொக்கோக் கலவைக்குள் போடச் செய்முறையில் சொல்லியிருந்ததால், டின்னைக் கவிழ்த்து அடியில் தட்டினேன். பிறகு டின்னை எலுமிச்சம்பழ மணம் வீசும் சோப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மனைவி கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

மகள் வந்தபோது வீடெல்லாம் கொக்கோ மணம். அவள் நடையில் நின்று மூக்கை நிமிர்த்தினாள்.

"என்னப்பா இது மணம்?"

"சதர்ன் ஸ்டைல்."

உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் கொழுவினாள். கத்தியை எடுத்தேன். அவள் கை கழுவக் குசினிக்குள் வந்தாள். வழக்கம்போல மேலலுமாரியைத் திறந்தாள். திறந்த கதவை மூடவில்லை.

"அப்பா, அம்மாட டின் எங்க?"

"கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறன் பார். எப்பிடிப் பளபளக்குது!"

"அதுக்குள்ள இருந்த மா?"

கத்தியால் பையைக் காட்டினேன்.

"அது அம்மா அரிச்ச மா" என்றாள்.

போன முறை வந்தபோதும் அவள் அந்த டின்னை இறக்கி, மூடியைத் திறந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனதைக் கண்டேன். வண்டு விழுந்துவிட்டதோ என்று பார்க்கிறாள் என நினைத்தேன். வண்டு பார்க்க யாராவது கண்ணை மூடுவார்களா?

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "ஈஸ்ட் ஹாமில பக்கற்றிலயே அவிச்சு விக்கினம் பிள்ளை. நாளைக்கே ரெண்டு வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். சொல்லி முடிக்க முன்பே அந்த வசனத்தைத் திரும்ப விழுங்கப் பார்த்தேன். முடியவில்லை.

அவள் கழுவிய டின்னை எடுத்து உள்ளே மணந்து பார்த்தாள். மெல்ல வைத்தாள். கதிரையில் கிடந்த கோட்டில் கை வைத்தாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். பொக்கற்றிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து மூக்கைத் துடைத்தாள்; பிறகு அதே கதிரையில் இருந்தாள்.

"வெட்டுங்கோ."

வெட்டினேன். ஓடு பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் கரண்டியால் சொக்லேட்டை ஒரு பக்கம் ஒதுக்கினாள். உதிர்ந்த மாவைக் கூட்டி அள்ளி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். தட்டு முடிய, பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து அதிலும் அந்த மா ஓட்டை மட்டும் தின்றாள். நானும் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தேன். மணல் மாதிரி இருந்தது. பட்டர் தவிர வேறொரு ருசியும் எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு என்ன பிடிபட்டதோ, கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்கவில்லை. தட்டோரத்தில் சொக்லேட் சேறு மாதிரிக் குவிந்துகொண்டு போனது.

நான் கதைக்காமல் இருந்து பழகாதவன்.

"பிள்ளை, அந்த மா ஓட்டை விட்டிட்டுச் சொக்லேட்டைத் தின். பல்லு உடைஞ்சால், இந்த லண்டனில பல்டொக்டர் கிடைக்கிறதுக்குள்ள நீ கிழவியாயிடுவாய்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்கோ அப்பா."